கூலி கிடைத்தால்தான் குரைக்கும்: வடசென்னைத் தெருவில் நாய் பழக்கும் முறை

காஸ் சிலிண்டர் போடுபவர் கதவைத் தட்டுகிறார். நாய் பாய்ந்து வந்து குரைக்கிறது. அவர் சிலிண்டரை இறக்கி வைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நாயின் கணக்கில் நடந்தது இவ்வளவுதான்: குரைத்தேன், ஆள் போய்விட்டான். அடுத்து தண்ணி கேன் போடும் தம்பி, அப்புறம் கூரியர். இவர்கள் எல்லாரும் எப்படியும் திரும்பிப் போக வந்தவர்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? தினமும் நாலைந்து முறை குரைத்து, நாலைந்து முறையும் வென்றால், ஆறே மாதத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலே கத்த ஆரம்பித்துவிடும்.

நாய் வளர்ப்பில் பாதிக் கோளாறு இப்படி வந்ததுதான். எதற்குக் கூலி கிடைக்கிறதோ அந்த வேலையை நாய் மறுபடி செய்யும். கிடைக்காத வேலையை மெல்ல விட்டுவிடும். கூலி என்றால் தீனி மட்டுமில்லை. பயந்த ஆள் விலகிப் போவது, நாம் திரும்பிப் பார்ப்பது, "ஏய், சும்மா இரு" என்று கத்துவதுகூடச் சில நாய்களுக்குக் கூலிதான். பைக்கைத் துரத்தும் நாயைப் பாருங்கள். எந்த பைக்கும் நின்றதில்லை, எல்லாம் ஓடிப்போயின. நூற்றுக்கு நூறு வெற்றி. ஆகவே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டுமென்றால், "இதை எப்படி நிறுத்துவது" என்று கேட்பதற்கு முன், "இதற்கு இங்கே யார் கூலி கொடுக்கிறார்கள்" என்று கேளுங்கள்.

உடம்பைப் படிப்பது

வால் ஆடினால் நாய் சந்தோஷமாக இருக்கிறது என்பது பாதிதான் உண்மை. இடுப்போடு சேர்ந்து தளர்வாக, அகலமாக ஆடும் வால் சந்தோஷம். உடம்பு கட்டை மாதிரி நிற்க, வால் நுனி மட்டும் உயரத்தில் படபடவென்று துடித்தால் அது எச்சரிக்கை. நாட்டு நாய்க்கும் பொமரேனியனுக்கும் வால் சுருண்டு மேலேயே நிற்கும், அது அவற்றின் இயல்பு. உங்கள் நாய் ஓய்வாக நிற்கும்போது வால் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால்தான் அது ஏறியதா இறங்கியதா என்பது தெரியும்.

கடிக்கும் முன் பெரும்பாலும் நாய் பலமுறை சொல்லிவிடுகிறது. தூக்கம் வராதபோது கொட்டாவி விடும். சாப்பாடு இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். காது பின்னுக்குப் போகும். மூச்சிரைப்பு சட்டென்று நின்று வாய் மூடிக்கொள்ளும். இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு நின்ற நாய், ஒரு குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டதும் வாயை மூடி அசையாமல் நின்றால், குழந்தையை உடனே, ஆனால் பதறாமல் விலக்குங்கள். "பாவம், எவ்வளவு பொறுமையா இருக்கு பாரு" என்று போட்டோ எடுக்கிற நேரம் அதுவல்ல.

உறுமலுக்கு அடிக்கவே கூடாது. அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை அந்த நாய் முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும். "திடீர்னு கடிச்சிடுச்சு" என்று சொல்லப்படும் நாய்களில் பல, உறுமியதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவைதான்.

இன்னொன்று, "தப்பு பண்ணிட்டுத் திருட்டு முழி முழிக்குது" என்பது. செருப்பைக் கடித்துப் போட்ட நாய், நீங்கள் உள்ளே வரும்போது தலையைக் குனிந்து ஒதுங்குவது செருப்பை நினைத்து அல்ல, உங்கள் முகத்தையும் குரலையும் பார்த்து. ஒரு மணி நேரத்துக்கு முன் செய்ததற்கு இப்போது திட்டினால், நீங்கள் வீட்டுக்கு வருவதே அபாயம் என்றுதான் அது படிக்கும்.

"நான்தான் இங்கே தலைவன்னு நாய்க்குக் காட்டணும், மல்லாக்கப் போட்டு அமுக்கணும்" என்று இன்னும் சொல்கிறார்கள். அடைத்து வைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து வந்த கருத்து அது. அதைப் பரவச் செய்தவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். அமுக்கிப் பிடித்தால் நாய்க்கு மரியாதை வராது, உங்கள் கைமேல் பயம்தான் வரும்.

தீனி, சொல், நேரம்

பயிற்சித் தீனி பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். 100 கிராம் கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, ஆறியபின் நறுக்கி டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாளைக்கு வரும். ஈரல் அதிகமானால் வயிறு இளகும், ஆகவே மறுநாள் அவித்த முட்டை, அடுத்த நாள் கோழி நெஞ்சுக்கறி என்று மாற்றிக் கொடுங்கள். காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு மீன் எளிது. வேகவைத்து முள் எடுத்த மீன் நாய்க்குத் தங்கம். கருவாடு வேண்டாம், உப்பு மிக அதிகம். டீக்கடைப் பொறையைத் தினசரித் தீனியாக்க வேண்டாம், வெறும் மைதா. ஆனால் அதற்கு வேறு ஒரு பயன் உண்டு, பின்னால் வரும். திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷம். தீனி மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள்.

பயிற்சி கெட்டுப்போவதற்கு முதல் காரணம் நேரம். செய்த நொடியிலிருந்து ஒன்றிரண்டு நொடிக்குள் கூலி போய்ச் சேர வேண்டும். நாய் உட்கார்ந்தது, நீங்கள் டப்பாவைத் திறந்தீர்கள், அது எழுந்து நின்றது, நீங்கள் கொடுத்தீர்கள் என்றால், எழுந்ததற்குக் கூலி கொடுத்திருக்கிறீர்கள். இதைச் சமாளிக்கத்தான் குறிச்சொல். பேச்சில் அடிக்கடி வராத குட்டிச் சொல் ஒன்றை, "டிக்" என்று வைத்துக்கொள்வோம், தேர்ந்தெடுங்கள். முதல் நாள் ஒரு வேலையும் வாங்காமல், "டிக்" என்று சொல்லி உடனே ஒரு துண்டு கொடுப்பதை இருபது முறை செய்யுங்கள். மறுநாள் அந்தச் சொல் கேட்டதும் காது நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் சொல் ஏறிவிட்டது. இனி சரியாகச் செய்த கணத்தில் "டிக்", பிறகு தீனி.

கட்டளைச் சொல்லை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஆயா "ஒக்காரு" என்கிறார், பையன் "சிட்" என்கிறான், அப்பா "டேய், கீழ உக்காருடா" என்கிறார். நாய்க்கு மூன்றும் வெவ்வேறு சத்தம். எந்த மொழியானாலும் பரவாயில்லை, ஒன்றாக இருக்கட்டும். ஒரு முறைதான் சொல்ல வேண்டும். ஐந்து முறை சொல்லிப் பழக்கினால் ஐந்தாவதுக்குத்தான் உட்காரும்.

"ஒக்காரு" எளிது. தீனியை மூக்குக்கு நேரே பிடித்து, மெல்லத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் முகம் மேலே போய்ப் பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். இறங்கிய நொடியில் "டிக்". கையை மிக உயரத் தூக்கினால் குதிக்கும், அதுதான் வழக்கமான பிழை. இடுப்பைப் பிடித்து அமுக்க வேண்டாம். ஒரு வேளைக்கு மூன்று நிமிஷம், நாளைக்கு மூன்று வேளை போதும். குட்டிக்கு அதற்குமேல் கவனம் நிற்காது.

"வா", "விடு"

தெருவில் நாயின் உயிரைக் காப்பாற்றுவது இந்த இரண்டும்தான். கை கொடுப்பது, உருளுவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"வா" என்ற சொல்லைக் கெடுப்பது மிக எளிது. குளிப்பாட்ட, மாத்திரை போட, சங்கிலியில் கட்ட, திட்ட என்று எதற்கெல்லாம் அதைச் சொல்லி அழைக்கிறோமோ அதெல்லாம் அந்தச் சொல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலைகளுக்கு நீங்களே எழுந்து போய் நாயைக் கூட்டி வாருங்கள். முதலில் வீட்டுக்குள் இரண்டடி தூரத்திலிருந்து ஒரு முறை "வா". வந்ததும் "டிக்", அதன் கழுத்துப் பெல்ட்டைக் கையால் தொட்டுக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று துண்டு. பெல்ட்டைத் தொடுவதை விட்டுவிட்டால், கிட்டே வந்து கைக்கு எட்டாத தூரத்தில் நின்று ஆட்டம் காட்டும் நாய் உருவாகும். ஒரு வாரம் கழித்து வாசலுக்கு வெளியே தாழ்வாரம், பிறகு மொட்டை மாடி, பிறகு ஆளில்லாத நேரத்தில் தெரு. வெளியே பழக்கும்போது ஐந்து மீட்டர் பருத்திக் கயிற்றைக் கட்டிவிடுங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள். எதிர்ப்பக்கம் நாலடி ஓடுங்கள், துரத்திக்கொண்டு வரும். மாடியில் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் அந்தக் கயிறு கட்டாயம். காத்தாடி சீசனில் ஒரு கண் தரையிலும் இருக்கட்டும், தடை இருந்தும் மாஞ்சா நூல் வந்து விழுந்துகொண்டுதான் இருக்கிறது, பாதத்தையும் வாயோரத்தையும் அறுத்துவிடும்.

"விடு" பழக்க, மூடிய கைக்குள் தீனியை வைத்து நீட்டுங்கள். நக்கும், நோண்டும், பல்லால் லேசாகக் கடிக்கும். கை அசையக் கூடாது, பேசக் கூடாது. சலித்து மூக்கை எடுக்கும் அந்த ஒரு நொடியில் "டிக்" சொல்லி, மற்ற கையிலிருந்து வேறு தீனியைக் கொடுங்கள். நோண்டிய அதே துண்டைக் கொடுத்தால் நோண்டியதற்குக் கூலி ஆகிவிடும். பத்துக்கு எட்டு முறை தானாக விலகிய பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அடுத்து திறந்த உள்ளங்கை, அடுத்து தரையில் வைத்துச் செருப்பால் மூடத் தயாராக நிற்பது, அடுத்து கயிற்றோடு அதைக் கடந்து நடப்பது. கடைசியில்தான் கறிக்கடை வாசல். ஒவ்வொரு படிக்கும் மூன்று நான்கு நாள். அவசரப்பட்டு முதல் வாரமே பிரியாணிக் கடை எலும்பின் முன் சோதித்துப் பார்ப்பவர்கள் தோற்றுப்போய், "இந்த நாய்க்கு அறிவில்லை" என்பார்கள்.

ஏற்கெனவே வாயில் கவ்விவிட்டால் துரத்த வேண்டாம். துரத்தினால் வேகமாக விழுங்கக் கற்றுக்கொள்ளும். வாசனையான தீனியை மூக்கருகே காட்டிப் பண்டமாற்று செய்யுங்கள். வெந்த கோழி எலும்பு நீளமாகப் பிளந்து குடலைக் குத்தும். துறைமுகப் பக்கம் இரையோடு கிடக்கும் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டால், வாயில் தொங்கும் தூண்டில் நரம்பை (நைலான் நூலை) இழுக்கவும் கூடாது, ஒட்ட வெட்டவும் கூடாது. நாய் மேலும் விழுங்காதபடி அந்த நரம்பைப் பெல்ட்டில் தளர்வாகக் கட்டி, நேராக வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இடமில்லாத வீட்டில் கக்கூஸ் பழக்கம்

லைன் வீட்டிலோ ஹவுஸிங் போர்டு மூன்றாம் மாடியிலோ இருப்பவர்களுக்குத் தோட்டம் கிடையாது. இரண்டு மாதக் குட்டி பகலில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்காது, மூன்று மாதக் குட்டி மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள், விளையாடி முடித்ததும், வாசல் பக்கம் தரையை முகர்ந்து வட்டமடிக்கும்போதும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். நடத்திக் கூட்டிப் போனால் படிக்கட்டிலேயே முடித்துவிடும்.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்க முடியாது, குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதுவரை பால்கனியிலோ குளியலறை ஓரத்திலோ ஒரு பிளாஸ்டிக் தட்டில் மணல் பரப்பி அதையே இடமாக்குங்கள். செய்தித்தாள் போட்டுப் பழக்கினால் பிறகு தரையில் கிடக்கும் எந்தத் தாளையும் கக்கூஸாக நினைக்கும், மணல் நல்லது. பிறகு தெருவுக்கு மாற்றும்போது அந்தத் தட்டு மணலில் ஒரு பிடியை, நீங்கள் தேர்ந்தெடுத்த மண்தரையில் போட்டுவிட்டால் வாசனை வழிகாட்டும். அந்த இடத்தில் முடித்ததும் அங்கேயே தீனி. வீட்டுக்கு வந்து கொடுப்பது வீடு வந்ததற்கான கூலி. முடித்த உடனே வீடு திரும்பினாலும் சிக்கல் உண்டு, "போனால் நடை முடிந்துவிடும்" என்று அடக்கிவைக்கும். முடித்தபின் ஐந்து நிமிஷமாவது நடத்துங்கள்.

வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வீண். உங்கள் எதிரில் போகக் கூடாது என்றுதான் கற்கும், பிறகு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு போகும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்துத் துடையுங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், மூத்திர வாசனையே அதிலும் இருப்பதால் மறுபடி அங்கேயே போகும். கருப்பு ஃபினாயில் பாதத்தில் ஒட்டி, நாய் அதை நக்கினால் ஆபத்து. மலத்தை எடுக்கப் பையும் காகிதமும் கையில் இருக்கட்டும். தாழ்வாரத்தைப் பத்துக் குடித்தனம் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் நாயோடு நிம்மதியாக இருக்க, எந்தப் பயிற்சியையும் விட இது உதவும்.

தெருவில் நடத்துவது

கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டாம். மூச்சுக்குழாயைக் கெடுக்கும், அதோடு நாய் எதைப் பார்க்கும்போது கழுத்து வலிக்கிறதோ அதன்மேல் கோபத்தை வளர்க்கும். மார்பில் மாட்டும் ஹார்னஸும், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் கயிறும் போதும். இழுக்க இழுக்கத் தானாக நீளும் கயிறு வண்ணாரப்பேட்டைச் சந்துக்கு ஆகவே ஆகாது.

இழுத்துக்கொண்டு ஓடும் நாய்க்குக் கூலி, முன்னேறுவதுதான். ஆகவே கயிறு விறைத்த நொடி நின்றுவிடுங்கள். திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் "டிக்", உங்கள் கால் பக்கத்தில் தீனி, நடை தொடரும். முதல் மூன்று நாள் தெருமுனைக்குப் போகவே இருபது நிமிஷம் ஆகும். வேலைக்குப் போகும் அவசரத்தில் "இன்னைக்கு மட்டும்" என்று இழுக்க விட்டால், சில நேரம் இழுத்தால் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளும். எப்போதாவது கிடைக்கும் கூலிதான் பழக்கத்தை மிக உறுதியாகப் பிடித்து வைக்கும். நேரமில்லாத நாளில் நடையையே சுருக்குங்கள்.

சித்திரை, வைகாசியில் காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும்தான் நடை. புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கடலோரப் புழுக்கமே பகை. ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அங்கேயே உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காற்று படும்படி ஆட்டோவில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தெரு நாய்களைப் பற்றி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு எல்லை உண்டு, பெரும்பாலும் சந்து முனை, டிரான்ஸ்ஃபார்மர், டீக்கடை. அவை குரைப்பது உங்களை அந்த எல்லைக்கு வெளியே அனுப்ப. கடந்துவிட்டால் தாமாக நின்றுவிடும். ஆகவே ஓடாதீர்கள், குனிந்து கல் எடுக்காதீர்கள், நாயைத் தூக்கி மார்போடு வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கினால் அவை உங்கள்மேல் தாவும். உங்கள் நாயை மறுபக்கம் வைத்து, அதே வேகத்தில், முடிந்தால் வளைவாகச் சுற்றி நடங்கள். இங்கேதான் பொறை. நாலைந்தை முன்பே உடைத்துப் பையில் வைத்திருந்து, மிகக் கிட்டே வந்தால் அவற்றின் பின்பக்கமாக வீசுங்கள், பொறுக்கும் நேரத்தில் கடந்துவிடலாம். தினமும் ஒரே நேரம், ஒரே வழி போனால் சில வாரத்தில் அவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். காது நுனி வெட்டப்பட்டிருந்தால் அது மாநகராட்சியோ தொண்டு அமைப்போ கருத்தடை செய்து திருப்பி விட்ட நாய் என்று அடையாளம்.

உங்கள் நாய்தான் மற்ற நாயைப் பார்த்துக் குதிக்கிறது என்றால், தூரம்தான் மருந்து. அது எதிரியைப் பார்த்தும் கையிலிருக்கும் தீனியைத் தின்னும் தூரம் எவ்வளவு? பதினைந்து அடியாக இருக்கலாம், ஒரு தெருவாகவும் இருக்கலாம். அந்தத் தூரத்தில் நின்று, அது மற்ற நாயைப் பார்த்ததும் "டிக்", தீனி. சில நாளில் பார்த்த உடனே "கொடு" என்று உங்களிடம் திரும்பும். அப்போது இரண்டடி நெருங்குங்கள். தீனியை வாங்க மறுத்தாலோ பிடுங்குவது போல வாங்கினாலோ கிட்டே வந்துவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் ஏர் ஹார்னுக்கு மிரளும் நாய்க்கும் இதே முறைதான், சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி ஆரம்பிக்க வேண்டும்.

கதவுக்குப் பின்னால் குரைப்பது

கதவுக்கு எதிர் மூலையில் ஒரு பழைய கோணிச் சாக்கையோ பாயையோ போடுங்கள். முதலில் யாரும் கதவைத் தட்டாமலேயே, அதில் போய்ப் படுத்தால் கூலி என்று ஒரு வாரம் பழக்குங்கள். பிறகு வீட்டில் ஒருவர் உள்ளிருந்தே கதவை லேசாக ஒரு தட்டு. குரைக்கும் முன், காது நிமிர்ந்த நொடியிலேயே "டிக்" என்று பாயில் தீனியைப் போடுங்கள். தட்டும் சத்தத்தை மெல்ல ஏற்றுங்கள், அப்புறம் வெளியிலிருந்து, அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவைத் தட்டச் சொல்லி. மூன்று வாரத்தில் தட்டும் சத்தமே "பாய்க்கு ஓடு" என்ற கட்டளையாகிவிடும். நாம் கத்தினால் மட்டும் குறையாது, நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் நினைக்கும்.

மேளம், வெடி

வடசென்னையில் வெடி தீபாவளிக்கு மட்டுமில்லை. ஆடி பிறந்தால் கூழ் ஊற்றும் திருவிழா, மைக் செட், ஆவணியில் பிள்ளையார், நடுவில் எந்த நாளிலும் சாவு ஊர்வலம், பறையும் சரவெடியும் பூவுமாக. ஐப்பசி, கார்த்திகையில் இடியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே சத்தப் பயிற்சியைச் சித்திரையிலேயே தொடங்குவது நல்லது.

மேளமோ வெடியோ பதிவான சத்தத்தைப் போனில் மிகக் குறைவாக வையுங்கள், காது மட்டும் அசைய வேண்டும், தலை தூக்கக் கூடாது. சத்தம் முதலில், இரண்டு நொடி கழித்துத் தீனி. சத்தம் நின்றால் தீனியும் நிற்கும். இந்த வரிசை மாறினால் தீனியைப் பார்த்தாலே "வெடி வரப்போகிறது" என்று நாய் ஒளிய ஆரம்பிக்கும். நாளைக்கு ஐந்து நிமிஷம், மூன்று நாளைக்கு ஒருமுறை ஒலியை ஒரு புள்ளி ஏற்றுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் பறையின் அடி ஒலி வராது, கொஞ்ச நாள் கழித்துப் பெரிய ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள், மாற்றும்போது ஒலியை மறுபடி அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தீபாவளி அன்று இருட்டும் முன் நடையும் சாப்பாடும் முடியட்டும். தெருவிலிருந்து மிக உள்ளே இருக்கும் இடத்தில், பெரும்பாலும் குளியலறைதான், பாயும் தண்ணீரும் வைத்து, ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து, ஃபேனையும் டிவியையும் போடுங்கள். பயந்த நாயை அணைத்துக்கொண்டால் பயம் வளரும் என்பது தவறு, அது கிட்டே வந்தால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள். பெல்ட்டில் போன் நம்பர் எழுதிய வில்லை கட்டாயம். வெடிக்குப் பயந்து ஓடும் நாய் கண்மூடி ஓடும், வந்த வழி அதற்குத் தெரியாது. நடுங்கி, எச்சில் வடித்து, சுவரைப் பிறாண்டும் அளவுக்குப் பயம் இருந்தால் ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்கள். வீட்டில் இருக்கும் மனிதத் தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது கொலைக்குச் சமம்.

குட்டியும் குழந்தையும்

குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை பார்த்ததையும் கேட்டதையும் உலகின் இயல்பாக எடுத்துக்கொள்ளும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. தடுப்பூசி முடியும் வரை தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு தெருமுனையில் பத்து நிமிஷம் உட்காருங்கள்: குடை, தாடி, பர்தா, ஹெல்மெட், கேரம் அடிக்கும் பையன்கள், மாட்டு வண்டி, மின்சார ரயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு.

கடித்து விளையாடும் குட்டியிடமிருந்து கையை உதறினால் இன்னும் ஆவலாகக் கடிக்கும். கையைத் தளர்த்தி அசையாமல் வைத்து, எழுந்து போய்விடுங்கள், ஆட்டம் முடிந்தது. ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் பல் முளைக்கும் மூன்று முதல் ஆறு மாதம் வரை ஈறுக்கு இதம். இரவில் பைத்தியம் பிடித்த மாதிரிக் கடித்தால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை, குட்டிக்கு நாளில் பதினெட்டு மணி நேரம் தூக்கம் வேண்டும்.

தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகிய மூன்றிடமும் குழந்தைகள் போகக் கூடாது. தெருவில் பந்து விளையாடும் பையன்களிடம், நாய் துரத்தினால் நின்று, கையை மடக்கி, தரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அடுத்த ஆண்டு ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமம் கிடைக்கும். உரிமம் கட்டாயம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயானாலும், நகக் கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உடனே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போனால் ஊசி இலவசம், முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் தவறாமல் போட வேண்டும். இரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியையும் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு செய்தும், சாதுவாக இருந்த நாய் திடீரென்று தொட்டால் கடிக்கிறது, பழகிய இடத்தை விட்டு வீட்டுக்குள் மூத்திரம் போகிறது, படி ஏற மறுக்கிறது என்றால் பயிற்சியை நிறுத்துங்கள். காது புண், பல் வலி, மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் இவையெல்லாம் குணம் மாறியது போலத்தான் முதலில் தெரியும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிக் காட்டுங்கள். கூட்டம் அதிகம் என்பதால் மஸில் (கடிக்காதபடி நாயின் வாயில் மாட்டும் மூடி), தண்ணீர்ப் பாட்டில், தடுப்பூசிப் புத்தகம் மூன்றும் கையில் இருக்கட்டும். மஸிலை அன்றைக்குத்தான் முதல் முறையாக மாட்டுவதாக இருக்கக் கூடாது. பத்து நாள் முன்பிருந்தே அதற்குள் ஈரல் துண்டைப் போட்டு, நாய் தானாக மூக்கை விடும்படி வீட்டில் பழக்கி வையுங்கள்.